ஹனோயில் பேசும் வியட்நாமிய மொழியோடு மேகாங் வயலுக்குப் போனால் புரியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரு செயலியில் வியட்நாமிய மொழி படித்திருக்கிறீர்கள், ஹனோய் வழக்கில். நெல் அறுவடை இயந்திரம் விற்கும் வேலையாகத் தெற்கே, மேகாங் கழிமுகத்தில் இருக்கும் கான் தோ பக்கம் போகப் போகிறீர்கள். அங்கே விவசாயிகள் பேசும் ‘கொச்சை’ச் சொற்களுக்கு ஒரு பட்டியலோ அகராதியோ வேண்டும் என்கிறீர்கள். ஆனால் கேள்வியின் உயிர் கடைசி வரியில்தான் இருக்கிறது: “நிலம், விளைச்சல், விலை பேசும்போது தப்பாகப் புரிந்துகொண்டு மாட்டிக்கொள்ளக் கூடாது.” நான் அந்த வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன். பட்டியல் போட்டால் நூற்றுக்கணக்கில் போகும். அவற்றில் பெரும்பாலானவை தெரியாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது. தெரியாவிட்டால் கையைக் கடிக்கும் சொற்கள் கொஞ்சம்தான்.

நான் மொழியியல் படித்தவன் அல்ல. வேளாண்மை படித்து, விதை நெல் வேலையாகப் பல வருடம் அந்த நாட்டில் இருந்தவன். தெற்கில் அதிகம், வடக்கில் குறைவு, நடுப்பகுதியில் போய்வந்த பழக்கம் மட்டும். மலைப்பகுதிச் சிறுபான்மை மக்களின் மொழிகளுக்குள் நான் போகவில்லை. இன்னொன்று, வியட்நாமிய மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறும்; தொனி என்பது இதுதான். வடக்கில் 6 தொனிகள், தெற்கில் பேச்சில் இரண்டு கலந்துபோய் 5. தமிழ் எழுத்தில் இது எதையும் காட்ட முடியாது. கீழே உள்ளவை எல்லாம் கிட்டத்தட்ட ஒலிப்புதான். இதைப் படித்துவிட்டு அப்படியே சொன்னால் எதிரே இருப்பவர் விழிப்பார். 2025 ஜூலையில் மாகாணங்களை இணைத்து 63ஐ 34 ஆக்கிவிட்டார்கள். நான் பழைய பெயர்களையே சொல்கிறேன்; வயலில் இருப்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

முதலில் நிலத்தின் அளவு. காசு போகும் இடம் இதுதான். வடக்கில், சிவப்பாற்றுக் கழிமுகத்தில், ஒரு ‘சாவ்’ என்றால் 360 சதுர மீட்டர். நடு வியட்நாமில் அதே சாவ் சுமார் 500 சதுர மீட்டர். மத்திய மேட்டுநிலத்துக் காப்பித் தோட்டக்காரர் சாவ் என்றால் பெரும்பாலும் 1000 சதுர மீட்டரைச் சொல்கிறார். 10 சாவ் சேர்ந்தது ஒரு ‘மவு’. ஆகவே மவுவும் வடக்கில் 3600, நடுவில் சுமார் 5000, தெற்கில் ஒரு முழு ஹெக்டேர். சொல் ஒன்றே, நிலம் மூன்று மடங்கு வித்தியாசம். நீங்கள் போகும் தெற்கில் சாவ் அவ்வளவாகக் காதில் விழாது. அங்கே ‘கொங்’ தான்: 1000 சதுர மீட்டர், 10 கொங் ஒரு ஹெக்டேர். இதோடு முடிந்திருந்தால் நிம்மதி. ஆனால் ‘பெரிய கோல் கொங்’ என்று ஒன்று இருக்கிறது. 3 மீட்டர் கோலால் பக்கத்துக்கு 12 கோல், அதாவது 36 மீட்டருக்கு 36 மீட்டர், 1296 சதுர மீட்டர். பழைய ஆட்கள் வெறுமனே ‘கொங்’ என்று சொல்லிவிட்டு மனதில் இதை வைத்திருப்பார்கள். அறுவடைக் கூலி கொங் கணக்கில் பேசுவதால் உங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொரு கொங்குக்கும் 296 சதுர மீட்டரைச் சும்மா அறுத்துக் கொடுக்க நேரும். எந்தக் கோல் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். கேட்பதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், அவர்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்வார்கள். தஞ்சைப் பக்கம் மா, குழி என்று பேசுபவர்களோடு பழகியவர்களுக்கும், ‘முப்பது மூட்டை’ என்றால் எத்தனை கிலோ மூட்டை என்று கேட்டுப் பழகியவர்களுக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது.

கொங் என்ற அதே சொல்லுக்கு ஒரு ஆளின் ஒரு நாள் உழைப்பு என்றும் பொருள் உண்டு. ஒரு ஆள் ஒரு நாளில் செய்து முடிக்கும் பரப்பு என்பதால் நிலத்துக்கும் அந்தப் பெயர் வந்தது என்று விளக்குவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நடந்தும் இருக்கலாம். நான் அடித்துச் சொல்ல மாட்டேன். உழைப்பு என்ற பொருளில் அது புழங்குவது மட்டும் உறுதி. ஒருவர் வயலில் மற்றவர் மாற்றி மாற்றி வேலை செய்துகொள்வதற்குத் தெற்கில் ‘வன் கொங்’, வடக்கில் ‘தோய் கொங்’.

அப்புறம் விளைச்சல். வடக்கில் எடைக் கணக்கு: 10 கிலோ ஒரு ‘யென்’, 100 கிலோ ஒரு ‘தா’. “சாவுக்கு ரெண்டு தா” என்றால் 360 சதுர மீட்டரில் 200 கிலோ, ஹெக்டேருக்கு ஐந்தரை டன். தெற்கில் பழைய முகத்தலளவை இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘யா’ என்பது 40 லிட்டர் பிடிக்கும் மரக்கால் போன்றது. நெல்லில் சுமார் 20 கிலோ. “கொங்குக்கு நாற்பது யா” என்றால் 800 கிலோ, ஹெக்டேருக்கு 8 டன். அவர் மனதில் இருப்பது பெரிய கோல் கொங் என்றால் அதே நாற்பது யா ஹெக்டேருக்கு 6 டன் சொச்சம்தான். இன்னொரு ஓட்டையும் உண்டு. மேகாங்கில் நெல்லைப் பெரும்பாலும் வயலிலேயே ஈரத்தோடு விற்றுவிடுகிறார்கள். சொல்லும் விளைச்சலும் ஈர நெல்தான். வடக்கில் சின்ன விவசாயி காயவைத்து வீட்டில் சேர்ப்பவர், சொல்வது பெரும்பாலும் காய்ந்த கணக்கு. 25 சதவீத ஈரத்தில் 8 டன் என்பது 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 7 டன். தெற்கு விளைச்சலையும் வடக்கு விளைச்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போடும் அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

எண்ணிக்கையிலும் பொறி இருக்கிறது. ‘சுக்’ என்றால் பாடப்புத்தகத்தில் பத்து. மேகாங்கின் பென் த்ரே மாகாணத்தில் தேங்காய் விலை சுக் கணக்கில்தான் சொல்வார்கள், அந்தச் சுக்கில் 12 காய். பழத்துக்கும் சோளக்கதிருக்கும் ஊரைப் பொறுத்து 12, 14, 16 என்று போகும். சுத்தமான பத்து வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ‘வெறும் சுக்’ என்ற மாதிரி ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

நெல்லுக்கு வருவோம். இங்கே தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி. நெல், அரிசி, சோறு, நொய், தவிடு, உமி, வைக்கோல், அறுத்தபின் நிற்கும் தாள், நாற்று என்று நாம் பிரித்துச் சொல்வதை எல்லாம் அவர்களும் பிரிக்கிறார்கள். ஒன்றில்தான் வடக்கும் தெற்கும் விலகுகின்றன. வடக்கில் வயலில் நிற்கும் பயிர் ‘லுவா’, அடித்துத் தூற்றிய மணி ‘தொக்’. தெற்கில் இரண்டுமே லுவாதான். செயலியில் கற்ற தொக்கைக் கான் தோவில் சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஹனோய் ஆள் பழக்கியவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பயிர்ப் பெயர்களிலும் பெரும்பாலான வித்தியாசம் இப்படித் தீங்கில்லாததே. மக்காச்சோளம் வடக்கில் ‘ஙோ’, தெற்கில் ‘பப்’. வேர்க்கடலை வடக்கில் ‘லாக்’, தெற்கில் ‘தவு ஃபொங்’. நாமும் நிலக்கடலை, மல்லாட்டை, கச்சான் என்று ஊருக்கு ஒன்று சொல்கிறவர்கள்தானே. பன்றி வடக்கில் ‘லன்’, தெற்கில் ‘ஹேவ்’. தொலைக்காட்சி புண்ணியத்தில் எல்லோருக்கும் இரண்டும் தெரியும். சிக்கல், ஒரே சொல் இரண்டு பக்கமும் இருந்து வேறு பொருளைக் குறிக்கும்போதுதான். வடக்கில் ‘சன்’ என்றால் மரவள்ளி. தெற்கில் மரவள்ளிக்கு ‘குவாய் மீ’. அங்கே போய் சன் கிழங்கு கேட்டால், பச்சையாகவே கடித்துத் தின்னும், வெள்ளையாகத் தண்ணீர்ச்சத்தோடு இருக்கும் வேறு கிழங்கைத் தருவார்கள். மரவள்ளியைப் பச்சையாகத் தின்றால் சயனைடு நஞ்சு ஏறும் என்பதை நினைத்தால் எதிர்த்திசையில் இந்தக் குழப்பம் வராமல் இருப்பது நல்லது. ‘மன்’ என்பதும் இதே கதை: வடக்கில் பிளம் பழம், தெற்கில் இலங்கையில் ஜம்பு என்கிற பழம்.

தெற்குச் சொற்கள் ஏன் இவ்வளவு தனியாக நிற்கின்றன என்றால் காரணம் தண்ணீர். வடக்கில் கழிமுகம் பல நூற்றாண்டாகக் கரை கட்டி அடக்கப்பட்டது; தண்ணீர் என்றால் பாய்ச்சுவது, வடிப்பது. மேகாங்கில் கடல் ஏற்றவற்றம் தினமும் வாய்க்கால் வரை வருகிறது, மழைக்காலப் பிற்பகுதியில் மேல்பக்கம் முழுக்க வெள்ளம் நிற்கிறது. அந்த வெள்ளத்தை அவர்கள் பேரிடர் என்று சொல்வதில்லை. ‘மிதக்கும் தண்ணீர்ப் பருவம்’ என்கிறார்கள். மீன் வரும், வண்டல் வரும். ஆகவே தண்ணீருக்கு மட்டும் ஏகப்பட்ட பெயர்: ஏறும் தண்ணீர், இறங்கும் தண்ணீர், வண்டலோடு செம்மண் நிறமாக வரும் தண்ணீர், வடியத் தொடங்கும் தண்ணீர். இவற்றில் கவனமாக இருக்க வேண்டிய ஜோடி ஒன்று. ‘ரோங்’ என்பதைத் தொனி இறக்கிச் சொன்னால் நீர் வற்றி இறங்கியிருக்கிறது என்று பொருள். தொனி மாறாமல் சமமாகச் சொன்னால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றம். படகில் இயந்திரம் ஏற்றி வாய்க்கால் வழியாகக் கொண்டுபோகும் நாளைப் பேசும்போது இந்தத் தொனி தப்பினால் படகு சேற்றில் உட்காரும். எந்த நாள் என்று தேதி போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிலத்தின் பெயர்களில் கம்போடியாவின் கெமர் மொழி கலந்திருப்பது சந்தேகமில்லாத விஷயம்; வியட்நாமியர் அங்கே குடியேறுவதற்கு முன்னால் அது கெமர் மக்கள் வாழ்ந்த மண். ஆறு கலக்கும் வாய் ‘வாம்’, தாழ்ந்த சதுப்பு ‘புங்’, இரண்டும் கெமர். ஆன் ஜியாங் மாகாணத்தில் கம்போடிய எல்லையை ஒட்டிய வயல் வரப்புகளில் வரிசையாக நிற்கும் ‘தோத் நோத்’ மரத்தின் பெயரும் கெமர்தான். அது வேறொன்றுமில்லை, நம்ம ஊர்ப் பனை. அங்கே பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுகிறார்கள், நுங்கு விற்கிறார்கள். தமிழர் ஒருவருக்கு அங்கே பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது. இன்னொரு பக்கம், பெயர்க்காரணம் என்று காதில் விழுவதை எல்லாம் நம்ப வேண்டாம். வடக்கில் குளிர்கால முடிவில் நட்டு வெயில்காலத் தொடக்கத்தில் அறுக்கும் பழைய நெல்லுக்குச் ‘சியெம்’ என்று பெயர். நடு வியட்நாமில் முன்பு இருந்த சம்பா அரசிலிருந்து வந்த நெல் என்பதால் இந்தப் பெயர் என்று பரவலாகச் சொல்கிறார்கள். சம்பா நெல்லை 1012இல் சீனாவின் சோங் அரசர் தருவித்துப் பரப்பினார் என்பது வரலாறு. ஆனால் அந்த நெல்லும் சிவப்பாற்றுச் சியெம் நெல்லும் ஒன்றுதானா என்பது அவ்வளவு எளிதாக நிறுவப்பட்ட விஷயம் அல்ல. நம்ம சம்பாவோடு அதை முடிச்சுப் போடுவதை நான் இன்னும் தள்ளியே வைப்பேன்.

பருவப் பெயரில் உங்களுக்கு வேண்டியது தெற்கின் மூன்று: குளிர்-வசந்தம், கோடை-இலையுதிர், இலையுதிர்-குளிர். நவம்பர், டிசம்பரில் விதைத்துப் பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கும் முதலாவதுதான் பெரிய அறுவடை. வடக்கில் பேசும் சியெம், ‘முவா’ என்ற பழைய ஜோடி தெற்கில் அதே பொருளில் புழங்காது. தெற்கில் ‘முவா நெல்’ என்றால் மழையை நம்பி வருடத்துக்கு ஒரு முறை நட்ட பழைய உயர நெல். அதைப் பற்றி வயதானவர்கள் ஆசையாகப் பேசுவார்கள். அதை ஓரம் கட்டியது பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆய்வு நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர்.8. தமிழ்நாட்டில் நாம் ‘ஐயார் எட்டு’ என்ற அதே குட்டை நெல்லுக்குத் தென் வியட்நாமில் உழவைக் கற்பித்த ‘தன் நோங்’ என்ற புராண அரசரின் பெயரை வைத்தார்கள். ‘ஹோண்டா நெல்’ என்றும் சொன்னார்கள், ஒரு நல்ல வெள்ளாமையில் ஒரு ஹோண்டா பைக் வாங்கிவிடலாம் என்று. இன்றைக்கும் எண் பெயர்தான் ஓடுகிறது: ஐ.ஆர்.50404 என்ற ரகத்தை முழுதாகச் சொல்லும் விவசாயியை நான் பார்த்ததில்லை, ‘ஐந்நூற்று நான்கு’ என்று முடித்துவிடுவார்கள்.

விதைப்பில் ஒரு சொல் முக்கியம்: ‘சா’. முளைகட்டிய விதையை நாற்று விடாமல் நேராகச் சேற்றில் விதைப்பது. மேகாங்கில் பெரும்பாலும் இதுதான். வடக்கில் நாற்று நடவுக்கு ‘கய்’. சா விதைப்பில் பயிர் அடர்ந்து நின்றால் கடைசியில் காற்றுக்குச் சாயும். சாய்ந்த நெல்லுக்கு ‘லுவா சப்’ என்பார்கள். அறுவடை இயந்திரக்காரருக்கு இதைவிட அவசியமான சொல் இல்லை, சாய்ந்த வயலுக்குக் கூலி அதிகம். உங்கள் கம்பெனிக் கையேட்டில் இயந்திரத்தின் பெயர் ஐந்து அசையில் நீளமாக இருக்கும். வயலில் அது ‘வெட்டு இயந்திரம்’ மட்டும்தான்.

பூச்சி, உரப் பெயர்களில் படித்த தமிழ் வேளாண் அலுவலர் கூடத் தடுமாறுவார். ஆனால் இந்தப் பெயர்களை யோசித்துப் பார்த்தால் எல்லாம் கண்ணால் பார்த்து வைத்தவை. நடுக்குருத்தை உருண்ட குழாயாக மாற்றிவிடும் ஈயை நாம் ஆனைக்கொம்பன் என்கிறோம். தெற்கு வியட்நாமியருக்கு அந்தக் குழாய் வெங்காயத்தாளாகத் தெரிந்திருக்கிறது, ‘வெங்காயக் கொசு’. வடக்கிலும் நடுவிலும் சதுப்பில் வளரும் ஒரு கோரையின் பெயரால் ‘சவு நன்’. குலைநோயை ஏட்டில் ‘தாவ் ஓன்’ என்பார்கள், தெற்கு வயலில் ‘இலை எரிச்சல்’ என்றாலே போதும். சிவப்பு பொட்டாஷ் உரத்துக்கு ‘மிளகாய் உப்பு’ என்று பெயர். கொய்யாவுக்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய் உப்பைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

வடக்கு, நடுப்பகுதி பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கில் கூட்டுறவுக் காலத்துச் சொற்கள் நிலத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குடும்பங்களுக்குக் கைவசம் விட்ட 5 சதவீத நிலம் இன்னும் ‘சதவீத வயல்’. கூட்டுறவு நிலத்தைக் குடும்பங்களுக்குக் குத்தகையாக விட்ட, 1988 ஏப்ரலில் வந்த கம்யூனிஸ்ட் கட்சியின் 10ஆம் தீர்மானம் ‘குத்தகை பத்து’. அதற்கு வெகு முன்பே, 1966இல், வின் ஃபுக் மாகாணக் கட்சிச் செயலாளர் கிம் ஙோக் வீடுவாரியாக நிலத்தைப் பிரித்துக் கொடுத்துக் கண்டனம் வாங்கினார். அப்படி மேலிடத்துக்குத் தெரியாமல் செய்ததற்கு ‘திருட்டுக் குத்தகை’ என்று பெயர். நடுப்பகுதியில் ஙே ஆன், ஹா தின் மாகாணங்கள் பக்கம் போனால் ஹனோய்க்காரருக்கே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும்: லுவா அங்கே ‘லோ’, எருமைக்கு ‘ட்ரு’, தண்ணீருக்கு ‘நாக்’. இதைப் பழைய ஒலிப்பின் மிச்சம் என்கிறார்கள் மொழி அறிந்தவர்கள்.

அகராதி கேட்டீர்கள். தெற்கு வழக்குக்கு ஹுயின் தின் குவா 1895-96இல் சைகோனில் வெளியிட்ட பேரகராதி இன்றும் பொன். ஆனால் அதில் ‘வெட்டு இயந்திரம்’ இருக்காது, எழுத்துக்கூட்டலும் பழசு. உங்கள் வேலைக்கு விவசாயிகள் பேசும் காணொளிகளைக் கேட்பது அதைவிடப் பலன் தரும்.

ஆட்களைக் கூப்பிடும் முறையையும் கற்றுக்கொண்டு போங்கள். தெற்கில் பிறந்த வரிசை எண்ணோடு உறவுப் பெயர் சேர்த்துக் கூப்பிடுவார்கள். மூத்தவருக்கு எண் 2, அதனால் மூத்த அண்ணன் ‘ஆன் ஹாய்’. ‘ஹாய் லுவா’ என்பதும் இங்கிருந்து வந்ததுதான்: நெல்லு அண்ணாச்சி என்கிற மாதிரி. பட்டிக்காட்டான் என்ற கேலியும் அதில் உண்டு, பெருமையும் உண்டு. சொந்தமாக இயந்திரம் செய்யும் விவசாயியைப் பத்திரிகைகள் ‘ஹாய் லுவா விஞ்ஞானி’ என்று பாராட்டும். அவர் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம், நீங்கள் சொல்லாதீர்கள். ‘கோ’ என்றால் கொக்கு. நெல் வியாபாரிக்கும் விவசாயிக்கும் நடுவே நின்று கமிஷன் வாங்கும் தரகரும் கோதான். அறுவடை இயந்திரத்தை எந்த வயலுக்கு எந்த நாளில் அனுப்புவது என்பதிலும் பல இடங்களில் இவர் கை இருக்கும். நேருக்கு நேர் அவரைக் கொக்கு என்று அழைக்க வேண்டாம்.

கடைசியாக, குறுஞ்செய்தி. அங்கே எல்லோரும் ஸாலோ செயலியில்தான் பேசுவார்கள். அவசரத்தில் தொனிக் குறி போடாமல் எழுதுவார்கள். ‘போ’ என்று குறியில்லாமல் வந்தால் அது பசுவாக இருக்கலாம், வரப்பாக இருக்கலாம், கட்டாக இருக்கலாம், வண்டாக இருக்கலாம், நெல் கொட்டிவைக்கும் கூடையாக இருக்கலாம், ‘விட்டுவிடு’ என்பதாகவும் இருக்கலாம். உள்ளூர்க்காரர் இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். உங்களுக்கு அந்தப் பழக்கம் வரும்வரை குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். புரியாவிட்டால் அதை இன்னொருவருக்குப் போட்டுக் காட்டவாவது முடியும். நிலத்தைச் சதுர மீட்டரிலும் நெல்லைக் கிலோவிலும் நாளைத் தேதியிலும் எண்ணாகத் திருப்பி எழுதி அனுப்பிச் சரிதானா என்று கேளுங்கள்.